வீட்டுக்கு ஒரு கல் புடவை

முகத்துக்கு எந்தப் பவுடர் ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியாயிற்று. வீட்டின் முகத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சமையல் மேடை எத்தனை உயரம், பூஜை அலமாரி எந்தப் பக்கம் என்பதோடு நம்முடைய அபிப்பிராயம் முடிந்துவிடுகிறது. ‘எலிவேஷன்’ என்று வந்துவிட்டால் வீட்டுக்காரரும் பிள்ளையும் இன்ஜினீயரும் கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நாம் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் அந்த எலிவேஷனுக்குக் கீழே குனிந்து கோலம் போடுவது யார்? பள்ளி வேன் வரும்வரை குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? கீரைக்காரியிடம் கால் மணி நேரம் பேரம் பேசுவது யார்? எனவே இந்த விஷயத்தில் வாய் திறக்க நமக்குத்தான் முதல் உரிமை என்பது என் கட்சி.

எங்கள் ஊர் திருச்சி. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே அலங்காரம்தான். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு, அடியில் ஒரு காவிப் பட்டை, அவ்வளவுதான். இப்போது வீட்டுக்கு வீடு கல் ஒட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஜெய்சல்மரின் மஞ்சள் கல். அடுத்தவர் ராஜஸ்தானத்து மணற்கல். மூன்றாமவர் கடப்பைக் கல்லைப் பட்டை பட்டையாக அறுத்து ஏணிப்படி மாதிரி ஒட்டியிருக்கிறார். கான்கிரீட்டையே அச்சில் வார்த்துக் கல் மாதிரி நிறம் கொடுத்தும் விற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கல் ஒரு விரல் கனம்தான், உள்ளே நம் பழைய செங்கல் சுவர்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தாஜ்மகாலே அப்படித்தான். உள்ளே செங்கல், மேலே வெள்ளைச் சலவைக்கல் போர்வை. ஆனால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வேறு ஜாதி. 1010-ல் கட்டி முடித்த அந்த விமானம் 216 அடி உயரம்; கல்லின் மேல் கல் உட்கார்ந்து, மேலே உள்ளதன் பாரமே கீழே உள்ளதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே கல்தான் சுவர். நம் வீட்டு முகப்பில் கல், சுவர் உடுத்திய புடவை. சுவரைத் தாங்குவதற்குப் பதில் அதன் மேல் தொங்குகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் வீடு முப்பது வருஷத்துக்கு முன் கட்டியது, மேற்குப் பார்த்த வாசல். சென்ற ஆண்டு மாடி எடுத்தபோது, பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை முகப்பு முழுவதும் கருஞ்சிவப்பு கிரானைட் ஒட்டிவிடலாம் என்று படம் அனுப்பினான். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. இவருக்கும் சந்தோஷம். “ஒரு தரம் ஒட்டிட்டா ஆயுசுக்கும் பெயின்ட் செலவு கிடையாது” என்றார். முந்நூறு சதுர அடிக் கல்லும் வந்து வாசலில் இறங்கிவிட்டது.

அந்த வாரம்தான் அடுத்த தெருவில் அது நடந்தது. மாடி வீடு ஒன்று. கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல சித்திரை வெயில். மத்தியானம் மூன்று மணிக்குத் திடீரென்று கோடை மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு மாடி முகப்பிலிருந்து இரண்டடிக்கு இரண்டடிக் கல் ஒன்று கழன்று விழுந்தது. எங்களுக்கெல்லாம் கீரை கொடுக்கிற அம்மா வழக்கமாகக் கூடையை வைக்கிற இடம் அது. மழைக்கு ஒதுங்கினவள், கீரைக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். கூடை அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை, பேசவும் இல்லை. நசுங்கின அரைக்கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, நல்லது எது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பேத்தியை இன்னிக்குக் கூட்டியாறலைம்மா” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டடிக்கு இரண்டடி என்றால் எவ்வளவு எடை என்று தெரியுமோ? 20 மில்லிமீட்டர் கன கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. ஆகவே அந்தக் கல் 20 கிலோ. இருபதடி உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடுகிற வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று பிளஸ் ஒன் படிக்கிற என் தங்கை பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான். விழ எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடிக்குச் சற்று மேல். அண்ணாந்து பார்க்கக்கூட அவகாசம் இல்லை.

அன்று ராத்திரி நான் இவரிடம் சொல்லிவிட்டேன், எப்படி ஒட்டப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கும்வரை ஒரு கல்லும் மேலே ஏறக்கூடாது என்று. “காசு கொடுத்து இறக்கின கல்லை என்ன பண்றதாம்?” என்றார். பிள்ளை போனில், “அம்மா, உலகம் பூரா ஒட்டறாங்க” என்றான். “உலகம் பூரா எப்படி ஒட்டறாங்கன்னு கேட்டுச் சொல்லு” என்றேன்.

எங்கள் மேஸ்திரி அனுபவஸ்தர். அவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரர்களே பயந்துபோய், யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை என்றுதான் இருந்தார்கள். மேஸ்திரி சாரத்தில் ஏறிக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். நன்றாகப் பிடித்திருக்கிற கல் ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் தந்தது. பிடிக்காதது காலிக் குடத்தைத் தட்டின மாதிரி ‘டொப்’ என்றது. பத்தில் நாலு ‘டொப்’. விழுந்த கல்லின் முதுகைப் பார்த்தோம். நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து சாந்து உருண்டைகள் வைத்து அப்பியிருந்தார்கள், வறட்டி தட்டின மாதிரி. மற்ற இடமெல்லாம் வெறும் சந்து. அந்தச் சாந்து உருண்டைகளோடு உரிந்து வந்திருந்தது என்ன தெரியுமா? சுவரின் பழைய பெயின்ட், அடியில் வெள்ளைப் புட்டி. கல் சாந்தை விடவில்லை, சாந்தும் பெயின்டை விடவில்லை. பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது.

மேஸ்திரி அன்று சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிரானைட் தண்ணீர் குடிக்காது. செங்கல்லாக இருந்தால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக் கவ்விக்கொள்ளும்; கிரானைட் மெஷினில் அறுத்த வழவழப்போடு அப்படியே நிற்கும். போதாததற்கு அறுத்த மாவு முதுகில் படிந்திருக்கும். கழுவாமல் ஒட்டினால் எண்ணெய்க் கையால் பொட்டு வைத்த கதைதான். அடுத்தது வெயில். மேற்குச் சுவரில் கருநிறக் கல் மத்தியானத்தில் தொட்டால் கை சுடும். கல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பத்தடி நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் கல்லோடு கல் இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டியிருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடம் இல்லை. ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். ‘கோடு தெரியாமல் ஒட்டிக் கொடுங்கள்’ என்று நாம்தான் கேட்கிறோம், அதுதான் அழகு என்று! அதன் பிறகு மழை. மேல் விளிம்பு வழியாக இறங்கின தண்ணீர் அந்தச் சந்துகளில் தேங்கும். கொதிக்கிற கல்லின் மேல் கோடை மழை அடித்தால் என்ன ஆகும் என்பதை அடுப்பிலிருந்து இறக்கின கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினவர்கள் அறிவார்கள்.

“அப்ப என்ன பண்ணணும் மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“புடவை கட்டினா பின் குத்திக்கிறீங்க இல்லைம்மா? அதேதான். ஆள் உசரத்துக்கு மேல போனா நான் பசையை மட்டும் நம்பறதில்லை. பின் வேணும்” என்றார்.

அந்தப் பின் என்பது துருப்பிடிக்காத எஃகில் செய்த கொக்கி. ஒரு கால் சுவருக்குள் இறங்கியிருக்கும். மறு கால் கல்லின் விளிம்பில் துளைத்த துளைக்குள் நுழைந்திருக்கும். பசை விட்டாலும் கல் தொங்கிக்கொண்டு நிற்கும், நம் தலையில் இறங்காது. சாதாரண இரும்புக் கம்பி போட்டால் பிரயோஜனம் இல்லை என்பது மட்டுமில்லை, ஆபத்து. இரும்பு துருப்பிடிக்கும்போது ஊதிப் பருக்கும். உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். கடற்கரை ஊர்களில் எஃகிலும் உயர்ந்த ரகம், 316 என்று கேட்டு வாங்க வேண்டும். உப்புக் காற்றை அதுதான் தாங்கும்.

பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. கேட்டுச் சொல் என்றேன் அல்லவா, தேடிப் படித்திருக்கிறான். அமெரிக்காவில் சிகாகோ நகரில் எண்பது மாடிக்கு மேல் ஒரு கட்டிடம், 1973-ல் கட்டினது. இத்தாலியிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் வரவழைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத கனத்தில் அறுத்து மேலிருந்து கீழ்வரை போர்த்தினார்களாம். சூடும் குளிரும் மாறி மாறித் தாக்கியதில் கல் பலம் இழந்து அப்பளம் மாதிரி வளைய ஆரம்பித்துவிட்டது. கல் வளையும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். 1990-லிருந்து இரண்டு வருஷம் பாடுபட்டு, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகளைக் கழற்றிவிட்டு கிரானைட் போட்டார்கள். பின்லாந்தின் தலைநகரில் உள்ள பெரிய சங்கீத மண்டபத்துக்கும் இதே இத்தாலியக் கல், இதே கதி.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசில் தைத்தது. 1979-ல் நியூயார்க் நகரில் ஒரு கல்லூரி மாணவி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். பழைய கட்டிடத்தின் முகப்பிலிருந்து பெயர்ந்த துண்டு தலையில் விழுந்து இறந்துபோனாள். மறு வருஷமே அந்த நகரத்தில் சட்டம் வந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டிடமானாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் முகப்பைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று. ஒரு பெண் போன பிறகு வந்த சட்டம். இதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டுப் பிள்ளையே, “அம்மா, நீ சொல்றபடி செய்யலாம்” என்றான்.

கல்லாவது விழும், நெருப்புப் பிடிக்காது. கடைகளின் முகப்பில் பளபளவென்று அடிக்கிறார்களே அலுமினியத் தகடு, அதில் சில ரகங்களில் இரண்டு தகட்டுக்கு நடுவே இருப்பது பிளாஸ்டிக். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 பேர் இறந்தார்கள். சமையலறையில் பிடித்த தீயை மாடி மாடியாக வெளிப்பக்கமே ஏற்றிவிட்டது அந்த வகைத் தகடுதான். கல்லுக்குப் பதில் அதைப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உள்ளே என்ன சரக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலை ஆரம்பித்த இரண்டாம் நாள். வாசலில் உட்கார்ந்து ஒருவர் கட்டிங் மெஷினால் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார். சித்தாள் ஒருத்தி கல்லை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தூசி ஒரு ஆள் உயரத்துக்கு மேகமாக எழும்பியது. துளசிச் செடி முழுக்க இளஞ்சிவப்பாக மாவு. அவள் முக்காட்டை மூக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை. முப்பது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சுடுதண்ணீர் கொடுத்து, “ஏம்மா, எத்தனை நாளா இப்படி இருமறே?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா இருக்கும்மா. சளிதான். மழை விட்டா போயிடும்” என்றாள். அப்போது மழைக்காலமே இல்லை.

சகோதரிகளே, ஆரோக்கியப் பக்கத்தில் படிக்க வேண்டிய விஷயம் இது. கிரானைட்டிலும் மணற்கல்லிலும் சிலிக்கா என்கிற பொருள் இருக்கிறது. உலர்ந்த கல்லை மெஷினில் அறுத்தால் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும். நம் கண்ணில் படுகிற மாவைவிட, படாத தூள்தான் மோசம். அது நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய்த் தங்கிவிடும். தங்கின இடமெல்லாம் தழும்பு. வருஷக்கணக்கில் தழும்பு சேர்ந்து மூச்சு வாங்கும். சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். நாம் ஆசைப்பட்டு வாங்குகிற மணற்கல் வருகிற ராஜஸ்தானத்தில், இந்த மாதிரித் தூசி நோய்களுக்கென்றே 2019-ல் அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. ஆஸ்திரேலியாவில் சமையல் மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம் என்பதால், அறுக்கிற இளைஞர்கள் நோயில் விழுவதைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். முக்காட்டுத் துணி இந்தத் தூளைத் தடுக்காது. கொசுவலையால் மாவு சலிப்பது போலத்தான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னேன். ஈரத்தில் அறுத்தால் தூள் பறக்காமல் சேறாக வடிந்துவிடும். அவர் தயங்கினார். “கையில பிடிக்கிற மெஷின்ல தண்ணி விட்டா ஷாக் அடிக்கும்மா. போன வருஷம் ஒரு பையன் பிழைச்சது பெரிசு” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே? கடைசியில் ஒரு வழி பிறந்தது. முதல் நாளே அளவெடுத்து, கல்லைக் கிரானைட் பட்டறைக்கு அனுப்பி, அங்கே தண்ணீர் கொட்டுகிற பெரிய மெஷினில் அறுத்துக் கொண்டுவருவது. வண்டிக் கூலி கூடினது. இவர் முகம் சுளித்தார். பிறகு அவரே உடன் போய் அளவு சொல்லி வாங்கி வந்தார். துளைபோடுவது போன்ற சில்லறை வேலைக்குக் கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் மீந்திருந்த என்-95 முகமூடிகளைக் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். “கல்லு அறுக்கிற இடத்துல வேலைன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. சொல்லாட்டா அவங்களுக்குத் தெரியாது” என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். கோழைப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. ஆனால் நெஞ்சில் தூசி படிந்த அடையாளம் இருக்கிறது, இந்த வேலையை விடு என்று சொல்லிவிட்டார்களாம். “விட்டுட்டு?” என்று என்னையே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதினைந்து வருஷம் சட்டி சுமந்தவள், அதில் பதிவே செய்திருக்கவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, ஃபோட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு தரம் அலைந்து பதிவு செய்து கொடுத்தோம். மேஸ்திரி அவளை அறுக்கிற இடத்திலிருந்து எடுத்து, பூச்சு நனைக்கிற வேலைக்குப் போட்டார். அடுத்த வீட்டு வேலையில் எப்படியோ, யார் கண்டது?

எங்கள் முகப்பு கடைசியில் இப்படி முடிந்தது. கிரானைட் தரையிலிருந்து மூன்றரை அடிதான். மழைச் சாரலும் சைக்கிள் உரசலும் படுகிற இடம் அது. அங்கே கல் நல்லது. போர்டிகோத் தூண் இரண்டுக்கும் மட்டும் மேலே வரை, ஒவ்வொரு கல்லுக்கும் எஃகுப் பின்னோடு. பழைய பெயின்டையும் புட்டியையும் சுரண்டி எடுத்து, சுவரை நெருக்க நெருக்கமாகக் கொத்திக் கழுவினார்கள். கல்லின் முதுகை நான் பக்கத்தில் நின்று தேங்காய் நாரால் தேய்க்கவைத்தேன். பசையைப் பல் வைத்த கரண்டியால் முதுகு முழுக்கச் சீராக இழுத்தார்கள், உருண்டை வைக்கவே விடவில்லை. கல்லுக்குக் கல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி நெகிழ்கிற பூச்சால் அடைத்தார்கள். மேல் விளிம்பில் தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி சரிவாக ஒரு மூடுகல்.

அதற்கு மேலே முழுக்க வெறும் சிமென்ட் பூச்சு, இரண்டு கை. வெள்ளை நிறம். எங்கள் ஊர் வெயிலுக்கு மேற்குச் சுவரில் கருங்கல் ஒட்டினால், பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி படுக்கையறைக்குள் அல்லவா கக்கும்! செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தெரியும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் அத்தனை பெரிய வீடுகளுக்கும் சுண்ணாம்புப் பூச்சுதான். பல கை பூசி, கடைசிக் கையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். சுவரைச் சுற்றி ஈரம் போக வழியில்லாமல் அடைத்துவிட்டால், அது உள்பக்கமாக ஓதம் ஏறி, கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும். வீசிங் உள்ள குழந்தை அந்த அறையில் படுத்தால் மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் தீராது. திருவனந்தபுரத்தில் 2007 வரை வாழ்ந்த லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் செங்கலுக்கு மேல் பூச்சே வேண்டாம் என்று நூற்றுக்கணக்கில் வீடு கட்டினார். எனக்கு அவர் வீடுகளைப் படத்தில் பார்த்தாலே பிடிக்கும். ஆனால் அதற்கு நல்ல செங்கல்லும், கோடு பிசகாமல் அடுக்கும் கையும் வேண்டும். எங்கள் பழைய சுவருக்கு அது ஒத்துவராது.

சன்ஷேடுக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக் கோடு போட மறக்கவேண்டாம் என்று மேஸ்திரியிடம் நாலு தரம் சொன்னேன். மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டிச் சுவருக்கு வராது, அங்கேயே சொட்டிவிடும். பைசா செலவில்லாத வைத்தியம். இது இல்லாத வீடுகளைச் சுவரில் வழிகிற கண்மைக் கோடுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கல் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: சித்திரை பிறக்குமுன் ஒரு தரம், ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு தரம், மரக்கரண்டிக் காம்பால் கை எட்டுகிற வரை தட்டிப் பாருங்கள். எட்டாததற்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். ‘டொப்’ என்றால் அதற்குக் கீழே யாரும் நிற்காமல் ஒரு பூந்தொட்டி வரிசை வைத்துவிட்டுப் பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம். கல்லின் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்தால், பின்னால் தண்ணீர் நடமாடுகிறது என்று அர்த்தம். அதை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். கடப்பை, கோட்டா, சலவைக்கல் எல்லாம் சுண்ணாம்பு ஜாதி. ஆசிட் பட்டால் பொங்கி அரித்துப்போகும். உங்கள் வீட்டுக் கல் என்ன ஜாதி என்று தெரியவில்லையா? மீந்த துண்டு ஒன்றில் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்புப் போய் மங்கலாக வட்டம் விழுந்தால் சுண்ணாம்பு ஜாதி. கிரானைட் அசைந்துகொடுக்காது.

முந்நூறு சதுர அடி வாங்கினதில் பாதிகூடச் செலவாகவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். கிணற்றடிக்குத் துவைக்கிற கல், கொல்லைப் படிக்கட்டு, துளசி மாடத்துக்கு ஒரு பீடம், பின்கட்டில் தோசைமாவு அரைக்கிற மெஷினுக்கு மேடை என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்த்தோம். கீரைக்காரம்மாவுக்கும் உட்கார ஒன்று தருவதாகச் சொன்னேன். “அந்தக் கல்லா? வேணாம்மா, எனக்குச் சாக்கே போதும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். இன்னும் பன்னிரண்டு பலகை கொல்லையில் கிடக்கிறது. சுவரில் சாய்த்து வைத்திருந்ததை, லீவுக்குப் பேத்தி வருகிறாள் என்று தெரிந்ததும் இவரே ஆள் வைத்துத் தரையில் படுக்கவைத்துவிட்டார்.